'முதலில் இது முடியட்டும்' என்பவர்களுக்கு

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தோடு நமக்கு நெருக்கம் உண்டு. அறிவைப் பூட்டி வைக்காதே என்கிற முழக்கம், படிப்பு மறுக்கப்பட்ட சமூகத்துக்குப் புரியாமல் போகுமா? யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் இயக்கலாம் என்பது அந்த இயக்கம் தரும் முதல் சுதந்திரம். சரி, அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதில் பார்வையற்ற தோழர்கள் இருக்கிறார்களா?

லினக்ஸில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்வது ஓர்க்கா என்கிற திரைவாசிப்பான். காசு கிடையாது. இஸ்பீக் குரலில் தமிழும் வாசிக்கும் (கொஞ்சம் எந்திரத்தனம்தான், பழகிவிடும்). சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சம்பளத்துக்கு ஆள் வைத்து இதை வளர்த்தது. 2010இல் ஆரக்கிள் அந்த நிறுவனத்தை வாங்கியதும் அணுகல் பணியில் இருந்தவர்கள் வேலை இழந்தார்கள். அதன்பின் பல ஆண்டுகள் சுமையின் பெரும்பகுதி ஜோன்மேரி டிக்ஸ் என்ற ஒருவர் தோளில்.

2016 நவம்பரில் ஃபெடோரா 25, திரையைக் கையாளும் பழைய எக்ஸ்11 முறையை விட்டு வேலண்டுக்கு மாறியது. ஒரு செயலியில் தட்டுவதை இன்னொரு செயலி ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது வேலண்டின் பாதுகாப்பு ஏற்பாடு. நல்லதுதான். ஆனால் எந்தச் செயலியில் தட்டினாலும் அது காதில் விழுந்தால்தானே ஓர்க்கா வேலை செய்யும்? கேப்ஸ் லாக்கோடு சேர்த்துக் கொடுக்கும் ஓர்க்கா கட்டளைகள் வேலண்டில் ஒழுங்காக இயங்க, 2025 மார்ச்சில் க்னோம் 48 வரவேண்டியிருந்தது. எட்டு ஆண்டுக்கு மேல்! அதுவரை 'நீங்கள் பழைய முறையிலேயே இருந்துகொள்ளுங்கள்'. தனிக்குவளை ஞாபகம் வருகிறதா, இல்லையா?

முதலில் இது, உங்களுடையது பிறகு. இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. 1895இல் புனாவில் காங்கிரஸ் பந்தலில் சமூக மாநாட்டை நடத்தினால் பந்தலைக் கொளுத்துவோம் என்று மிரட்டினார்கள். அரசியல் முதலில், சமூகம் பிறகு என்கிற கூட்டம் அது. அண்ணல் 'சாதி ஒழிப்பு' நூலில் இதை எடுத்துச் சொல்கிறார்.

தன்னார்வலர்களிடம் உரிமை கேட்கலாமா என்பார்கள். ஃபெடோராவுக்குப் பின்னால் ரெட் ஹாட் என்ற நிறுவனமே நிற்கிறது. இங்கேயும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்ப அணுகலை அரசின் கடமையாக வைத்திருக்கிறது. நாம் கேட்பது கருணை இல்லை.

நம் பக்கமும் பார்ப்போம். அடுத்த முறை மாணவர்களுக்கு உபுண்டு போட்டுக் கொடுக்கும்போது ஆல்ட், சூப்பர், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஓர்க்கா பேசும். திரையை அணைத்துவிட்டு, நம் துண்டறிக்கைகளைத் திறந்து கேளுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்தவை ஆங்கில எழுத்துகளாக உளறும். படமாகப் போட்டவை வாயே திறக்காது.