பட்டினியும் வேண்டாம், விருந்தும் வேண்டாம்



நம்ம சுவர் இதழில் மரம் வளர்ப்பு, நெகிழி ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு எல்லாம் எழுதியாச்சு. நான் ஒரு நாய்க்குட்டிக்குக் கஞ்சி கொடுத்ததைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்கிறவங்க சிரிச்சிட்டு வாசியுங்க. ஏன்னா இதில் ஒரு தப்பு இருக்கு. அதைச் செய்தது நான்தான்.

போன வருஷம் எங்க வீட்டில் மணியன்னு ஒரு குட்டி இருந்தது. மூணு மாசம்தான் ஆகியிருக்கும். ஒரு நாள் திடீர்னு சுருண்டு படுத்தது. வாந்தி, அப்புறம் வயித்தோட்டம். அதில் ரத்தமும் இருந்தது. எங்க பாட்டா பார்த்துட்டு, "மக்களே, ஒண்ணும் கொடுக்காதே. லங்கணம் பரம ஔஷதம். வயிறு காஞ்சா எல்லாம் சரியாவும்" என்று சொன்னார். அம்மா அண்டி ஆபீசுக்குப் போகணும். அப்பா விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போயிடுவார். அதனால் பாட்டா சொன்னதுதான் சட்டம். மூணு நாள் மணியன் பட்டினி கிடந்தது.

நாலாம் நாள் எழுந்து நின்று வாலை ஆட்டியது. எனக்கு சந்தோஷம் தாங்கலை. அன்றைக்கு வீட்டில் புரோட்டாவும் சால்னாவும் வாங்கியிருந்தாங்க. மூணு நாள் பட்டினி கிடந்த பிள்ளையாச்சேன்னு ஒரு புரோட்டாவைப் பிய்த்து சால்னாவில் ஊறப்போட்டு வைத்தேன். மேலே ஒரு கிளாஸ் பாலும் கொடுத்தேன். ஆசையாகத் தின்றது. ராத்திரி மறுபடியும் வாந்தி. விடியும்போது மணியன் இல்லை.

அந்தப் புரோட்டாவால்தான் செத்ததான்னு பிறகு கால்நடை டாக்டரிடம் கேட்டேன். "அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா பட்டினியும் உதவலை, சால்னாவும் உதவலை. முதல் நாளே கொண்டு வந்திருக்கணும்" என்று சொன்னார். அந்த வார்த்தை இன்னும் என் மனசில் இருக்கு.

இந்த வருஷம் குட்டன் வந்தது. இரண்டு மாசம் கழித்து அதுக்கும் அதே வாந்தி, அதே வயித்தோட்டம். அன்றைக்கே சாக்கில் பொதிந்து கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். "பார்வோ" என்று டாக்டர் சொன்னார். இது 1978-ஆம் ஆண்டுவாக்கில்தான் உலகத்துக்குத் தெரிய வந்த வைரஸ். இரண்டே வருஷத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டதாம். பெரும்பாலும் ஆறு வாரம் முதல் ஆறு மாசம் வரை உள்ள குட்டிகளைத்தான் பிடிக்கும். குட்டனுக்கு மூணு நாள் டிரிப்பும் ஊசியும் போட்டாங்க. வாந்தி நின்ற பிறகு டாக்டர் சொன்னது: "இனி இதைக் காப்பாத்தப் போறது நீ கொடுக்கிற சாப்பாடுதான்."

ஏன் அப்படின்னு கேட்டேன். நமக்கு அறிவியல் பாடத்தில் குடலுறிஞ்சிகள் வருதே, விரல் மாதிரி இருக்கிற அதுகள்தான் சத்தை உறிஞ்சும். பார்வோ வைரஸ் அந்த விரல்கள் முளைக்கிற இடத்தையே அழிக்குதாம். குடல் உள்பக்கம் புண்ணாகி வழுவழுன்னு ஆகிடும். மறுபடி வளர சில நாள் வேணும். அதுவரை சால்னா, எலும்பு, எண்ணெய் எதையும் தாங்காது. பால் கொடுக்கலாமேன்னு பலரும் நினைக்கிறோம். பாலில் இருக்கிற சர்க்கரையைச் செரிக்க வைக்கிற பொருள் அந்த விரல்களின் நுனியில்தான் இருக்கு. நுனியே போனபிறகு பால் செரிக்காது. குடலில் தண்ணீரை இழுத்து வயித்தோட்டத்தைக் கூட்டிவிடும். நான் மணியனுக்குக் கொடுத்த ஒரு கிளாஸ் பால் அதைத்தான் செய்திருக்கும்.

அப்படின்னா பாட்டா சொன்ன பட்டினி சரிதானே என்று கேட்பீங்க. அதுவும் இல்லை. குடல் தனக்கு வேண்டிய சத்தில் பெரும்பங்கை உள்ளே வருகிற உணவிலிருந்துதான் எடுக்கும். ஒண்ணுமே வரலைன்னா புண் ஆற வழியில்லை. தென்னாப்பிரிக்காவில் பார்வோ வந்த 30 நாய்களை இரண்டு பங்காகப் பிரித்துப் பார்த்திருக்காங்க. ஒரு பங்குக்கு வாந்தி நிற்கும்வரை உணவு இல்லை. இன்னொரு பங்குக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து 12 மணி நேரத்திலேயே மூக்கு வழியாகக் குழாய் போட்டு கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுத்தாங்க. சீக்கிரம் உணவு கிடைத்தவைதான் சீக்கிரம் தேறின, எடையும் கூடின. 2003-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அது டாக்டர்கள் பக்கத்தில் இருந்து செய்தது. வீட்டில் வாந்தி நிற்காத குட்டிக்கு நாமளே வாயைத் திறந்து ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். அப்போ டாக்டரிடம்தான் போகணும்.

மனுஷங்களுக்கும் இதே கதைதான். வயித்தோட்டம் வந்த குழந்தைக்குத் தண்ணீர் கூட கொடுக்காதே என்று சொல்கிறவங்க நம்ம ஊரிலும் இருக்காங்க. 1971-இல் வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. டிரிப் பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்த இடத்தில், சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே வந்தது. 2022-இல் மறைந்த அவருக்கு மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தாங்க. இப்போ வயித்தோட்டம் வந்த குழந்தைக்கு உணவை நிறுத்தாதீங்க என்றுதான் டாக்டர்கள் சொல்றாங்க.

இனி, டாக்டர் சொல்லி நான் குட்டனுக்குக் கொடுத்த முறையை எழுதுகிறேன்.

1. முதல் நாள் குழைய வேகவைத்த பச்சரிசிக் கஞ்சி, அரைச் சிரட்டைக்கும் குறைவு. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. உப்பு, மிளகாய், நல்லமிளகு, எண்ணெய் எதுவும் இல்லை. உள்ளியும் பூண்டும் நாய்க்கு ஆகவே ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும்.

2. அது வாந்தி வராமல் தங்கினதும், இரண்டு பங்கு சோற்றுக்கு ஒரு பங்கு தோலும் எலும்பும் இல்லாத கோழிக்கறி. வெறும் தண்ணீரில் வேகவைத்து நாராகப் பிய்த்தது. கறி இல்லாத நாள் அவித்த முட்டை.

3. கஞ்சி இளஞ்சூடாக இருக்கணும். அப்போதான் மணம் வரும், குட்டி முகர்ந்து பார்க்கும். ஆறிப்போனதைத் தொடாது.

4. காய்ச்சி ஆறின தண்ணீர் எப்பவும் பக்கத்தில். ஒரேயடியாகக் குடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக.

5. மலம் கட்டியான பிறகு பழைய சாப்பாட்டை நாலில் ஒரு பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரத்துக்கு மேல் எடுத்து மாற்றினேன்.

6. மறுபடி வாந்தி, ரத்தம், ஈறு வெளுத்துப்போவது, தலை தூக்காமல் கிடப்பது, இதில் ஒண்ணு கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி. நமக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். செய்யும்போதுதான் கஷ்டம். வீட்டில் சாளைப் புளிமுளம் கொதிக்கும்போது குட்டன் அடுக்களை வாசலில் வந்து உட்காரும். கண்ணைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பாட்டாவே மனசு இளகி, "ஒரு மீன் தலை போட்டா என்ன பிள்ளே?" என்று கேட்டார். போன வருஷம் பட்டினி போடச் சொன்னவரும் அவர்தான்! நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். பாட்டாவிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. மறுநாள் நான் பள்ளிக்கு வந்த பிறகு மணி பார்த்துக் கஞ்சி கொடுத்தது அவர்தான்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். தினமும் கோழி வாங்க எங்களால் முடியாது. அதனால் ஐந்து நாள் என்னுடைய சத்துணவு முட்டையைத் தின்னாமல் டிபன் பாக்ஸில் வீட்டுக்குக் கொண்டு போனேன். டீச்சர் மன்னிக்கணும். முட்டை பிள்ளைகள் தின்னத்தான் தருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தபோது திட்டவில்லை. அடுத்த நாள் முதல் இரண்டு முட்டை வாங்கி, "ஒண்ணு உனக்கு, ஒண்ணு அதுக்கு" என்று சொன்னாங்க.

"மனுஷனுக்கே மருந்து வாங்கக் காசில்லை, நாய்க்கு என்ன இவ்வளவு?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா கஞ்சிக்கு அதிகச் செலவில்லை. வேண்டியது பொறுமையும் கவனமும். நாம் வளர்க்கிறோம் என்று ஒன்றைக் கட்டிப்போட்ட பிறகு, அது தானாகப் போய் தேடித் தின்ன முடியாது. அதன் வயிறு நம்ம பொறுப்பு. முன்னே தின்றது செரித்ததை அறிந்து அளவாகத் தின்றால் மருந்தே வேண்டாம் என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் சொன்னது நாய்க்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

இதை ஏன் இப்போ எழுதுகிறேன் என்றால், நம்ம பள்ளி வாசலில் ஒரு செம்பட்டைக் குட்டி இரண்டு நாளாகச் சுருண்டு கிடக்குது. இடைவேளையில் நம்மில் பலர் கிரீம் பிஸ்கட், சாம்பார் சோறு, சாக்லேட் என்று போடுகிறோம். பாசத்தில்தான் போடுகிறோம். நானும் மணியனுக்குப் பாசத்தில்தான் போட்டேன். சாக்லேட் நாய்க்கு விஷம். அந்தக் குட்டிக்கு வேண்டியது டாக்டர். இதைச் சாரிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக அவர் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். திரும்பி வந்த பிறகு கஞ்சி கொண்டு வருகிற வேலையை நான் திங்கள், செவ்வாய் எடுத்துக்கொள்கிறேன். மற்ற நாட்களுக்கு யார் வருகிறீர்கள்? பெயரை இந்தத் தாளின் கீழே எழுதுங்கள்.

இரண்டு விஷயம் மறக்காதீங்க. பார்வோ மனுஷனுக்குத் தொற்றாது. ஆனாலும் புழு, வேறு நோய்கள் வரலாம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவணும். அந்த வைரஸ் மண்ணில் பல மாசம் இருக்கும். அது கிடந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளிக்கணும். வீட்டில் குட்டி இருக்கிறவங்க ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டு, பதினாறு வாரம் ஆகும்வரை மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை தொடர்ந்து போடணும். மணியனுக்கும் குட்டனுக்கும் நாங்கள் போடவில்லை. அதுவும் எங்க தப்புதான்.

குட்டன் இப்போ ரப்பர் தோட்டத்தில் அப்பாவுக்கு முன்னே ஓடுது. நேற்று முதல் தடவையாக அதுக்கு ஒரு மீன் துண்டு கொடுத்தோம், முள் எடுத்து, உப்பில்லாமல் வேகவைத்து. பாட்டாதான் முள் எடுத்தார்.

சிந்திப்போம், செயல்படுவோம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருவட்டாறு