துப்பறிய ஆளுண்டு, துணைக்கு?

'ராத்திரி தூக்கமே வரலைப்பா. நல்லதா நாலு இங்கிலீஷ் சீரியல் சொல்லேன். கார் துரத்தல், டமால் டுமீல் எதுவும் வேண்டாம்' என்று போன் செய்தார் நண்பர். பாங்க்கில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ரிட்டையர் ஆனவர். மனைவி போய் எட்டு மாசமாகிறது. பையன் வெளியூரில்.

எனக்கா தெரியாது? பழைய பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களை சிபாரிசு செய்தேன். உங்கள் வீட்டிலும் தூக்கம் வராதவர் யாராவது இருக்கலாம். அதனால் அதே பட்டியல் இங்கே.

முதலில் ஜெரமி ப்ரெட்டின் ஷெர்லக் ஹோம்ஸ். கிரனாடா டெலிவிஷன் 1984-லிருந்து 1994 வரை எடுத்த 41 படங்கள். ஹோம்ஸ் வேஷம் கட்டாத நடிகர் குறைவு. ஆனால் திடீரென்று வெடித்து அதே வேகத்தில் அடங்கும் அந்தச் சிரிப்பு ப்ரெட்டுக்கு மட்டுமே சொந்தம். 1985-ல் அவர் மனைவி இறந்துபோனார். மனநோயோடு போராடிக்கொண்டே நடித்தார். கடைசிப் படங்களில் அவர் உடம்பு நலிந்துபோனது பார்த்தாலே தெரியும். 1995-ல் அவரும் போய்விட்டார். (இதை மட்டும் நண்பரிடம் சொல்லவில்லை.)

அடுத்தது, பி.பி.சி.யின் மிஸ் மார்ப்பிள், 1984-லிருந்து 1992 வரை. கிராமத்துப் பாட்டி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கொலைகாரனைப் பிடிப்பாள். நடித்த ஜோன் ஹிக்ஸனுக்கு ஆரம்பிக்கும்போதே வயசு 78! 1940-களில் அவரை நாடக மேடையில் பார்த்த அகதா கிறிஸ்டி, 'என்றைக்காவது நீங்கள் மார்ப்பிளாக நடிக்க வேண்டும்' என்ற அர்த்தத்தில் கடிதம் எழுதினாராம். பலிப்பதற்கு நாற்பது வருஷம் ஆயிற்று. பார்க்க கிறிஸ்டிதான் இல்லை.

மூன்றாவது, டேவிட் சூஷேயின் பொய்ரோ. 1989-லிருந்து 2013 வரை 70 படங்கள். ஒரு மனுஷன் இருபத்தைந்து வருஷம் அதே மீசை, அதே குட்டி நடையோடு காலம் தள்ளியிருக்கிறார். சர்க்கார் உத்தியோகம் மாதிரி!

கடைசியாக, என் செல்லம் - இன்ஸ்பெக்டர் மோர்ஸ். 1987-லிருந்து 2000 வரை 33 படங்கள். ஆக்ஸ்போர்டில் நடக்கும் கதை. ஜான் தா நடித்த மோர்ஸுக்கு பீர், ஆபரா, குறுக்கெழுத்து, சிவப்பு ஜாகுவார் கார் இருந்தால் போதும். பல தடவை தப்பான ஆளைச் சந்தேகிப்பார். பீருக்குக் காசு கொடுப்பது எப்போதும் உதவியாளர் லூயிஸ்தான். கேஸ் முடிந்ததும் லூயிஸ் பெண்டாட்டி பிள்ளைகளிடம் போவார். மோர்ஸ் தன் இசைத்தட்டுகளிடம் போவார்.

கவனித்தீர்களா? இந்த நாலு பேரில் ஒருத்தருக்கும் கல்யாணமாகவில்லை. யார் கொலையாளி என்பது படம் முடிவதற்குள் தெரிந்துவிடுகிறது. ராத்திரி வீட்டுக்குப் போனால் பேச யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குத்தான் கடைசிவரை பதில் கிடைப்பதில்லை. இந்தத் தொடர்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்காகத்தான்.

நண்பர் இரண்டு மாசத்தில் நாலையும் முடித்துவிட்டார். மோர்ஸின் கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி பதினொன்றரைக்குப் போன். முடிவைச் சொல்லிக் கெடுக்கமாட்டேன். லூயிஸின் முகத்தை மட்டும் பாருங்கள்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், 'அத்தனை வருஷம் கூடவே இருந்தான்ப்பா அந்த லூயிஸ். ஒரு வார்த்தை நேர்ல சொல்லியிருக்கலாம் மோர்ஸ்' என்றார். குரல் கம்மியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. அவர் மனைவியின் காரியத்துக்குப் போனதோடு சரி, அப்புறம் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. எல்லாம் போனில்தான். நாலு தொடரின் பெயரைச் சொல்லி, உபகாரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது சீரியலா?

சனிக்கிழமை போனேன். மோர்ஸை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். நடுநடுவே படத்தை நிறுத்திவிட்டு, மனைவியைப் பற்றிப் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். படம் முடிய ராத்திரி ஒரு மணி.

பீர் கிடையாது, காபிதான். காபிப்பொடி என் செலவு. லூயிஸ் ஆயிற்றே!