தொந்தி போடும் சுவர்!

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கண்மாய் வற்றியதும் பாருங்கள். வண்டல் வெடித்துக் கிடக்கும். அதன் மேல் ஏடு அப்பளம்போல் சுருண்டு எழும்பும். மேலே காய்ந்து சுருங்குகிறது. அடியில் இன்னும் ஈரம். ஒட்டு விட்டுவிடுகிறது.

மண் சுவருக்கு சிமெண்டு பூசிய வீட்டிலும் இதே சண்டைதான். ஆனால், தலைகீழ்! ஐப்பசி மழையில் சுவர் ஈரம் குடித்து ஊதுகிறது. பங்குனி வெயிலில் சுருங்குகிறது. சிமெண்டுப் பூச்சு கூடவே சுருங்குமா? சுருங்காது. நாலு பக்கமும் நெருக்கினால் அது எங்கே போகும்? ஒட்டு விட்ட இடத்தில் வெளியே புடைக்கிறது.

"சிமெண்டு பூசினால் கெட்டி" என்று காசைக் கொட்டுகிறார்கள். கெட்டிதான். அந்தக் கெட்டிதான் வினை! சுண்ணாம்புச் சாந்து சற்று வளைந்து கொடுக்கும். ஈரத்தையும் வெளியே விடும்.

கணித மேதை ஆய்லர் 1744-ல் ஒரு கணக்குப் போட்டார். கம்பின் நீளம் இரண்டு மடங்கானால், கால் பங்கு பாரத்திலேயே வளைந்துவிடும். பூச்சுக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். விரலகலம் ஒட்டு விட்டால் புடைக்காது. அது அகலமாக அகலமாக, குறைந்த நெருக்கலே போதும். புடைத்த பிறகோ, ஓரமெல்லாம் மேலும் மேலும் பெயரும்.

அதன்மேல் வெள்ளையடித்து மறைப்பது வீண் செலவு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். "பொத் பொத்" என்றால், அந்த இடத்தைக் கொத்தி எடுத்துவிட வேண்டும். திண்ணைச் சுவரென்றால் பொங்கல்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. அதன் அடியில்தான் பாட்டியும் பேரனும் படுக்கிறார்கள்.