மீன்குஞ்சு வேண்டாம், காவல்காரர் சம்பளத்தைக் கொடுங்க

ஆத்துல மீன்குஞ்சு விடறோம், ஆளுக்கு இவ்வளவு அனுப்புங்கன்னு கேட்டு வாட்ஸ்அப்பில் சுத்துற சேதி உங்களில் பல பேருக்கு வந்திருக்கும். கூடவே ஒரு போட்டோ. காத்து அடைச்ச பிளாஸ்டிக் பையில் குஞ்சுங்க, பையைக் கவிழ்க்கிற ஒரு பெரிய மனுஷர், பக்கத்தில் தொப்பி போட்ட குழந்தைகள். பார்க்க நல்லாத்தான் இருக்கு. அந்தப் பணத்தைக் கொடுக்காதீங்கன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். கேட்கிறவங்க திருடங்கன்னு நான் சொல்லல. நல்ல மனசுக்காரங்க நல்ல மனசோட ஒரு ஆத்தை எப்படிக் கெடுக்க முடியும்னு நம்ம பக்கத்திலேயே உதாரணம் இருக்கு.

பெங்களூர்ல 1972-ல் ஆரம்பிச்ச சங்கம் ஒண்ணு உண்டு. வைல்ட்லைஃப் அசோசியேஷன் ஆஃப் சவுத் இந்தியா, சுருக்கமா வாசி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷம்தான். ரெண்டும் பின்னால மோதிக்கும்னு அப்போ யார் நினைச்சிருப்பாங்க! தூண்டில் போடறதிலும் காட்டிலும் ஆசையுள்ள பட்டணத்து ஆளுங்க சேர்ந்த சங்கம் இது. காவிரியில் ஒரு நீளத்தைக் குத்தகைக்கு எடுத்து, உறுப்பினர் சந்தா, தூண்டில் கட்டணம்னு வசூல் பண்ணி, அந்தக் காசில் காவல் போட்டாங்க. இன்னொரு பக்கம் கர்நாடக அரசோட ஜங்கிள் லாட்ஜஸ் கம்பெனி பீமேஸ்வரி, தொட்டமாகளி, காலிபோரே ஆகிய இடங்களில் முகாம் நடத்துச்சு. எல்லாம் மஹ்சீர்ங்கிற ஒரு மீனுக்காக.

மஹ்சீர் கெண்டை வகைதான். ஆனா நம்ம ஏரிக் கெண்டையை மனசுல வெச்சுக்காதீங்க. 1946-ல் மைசூர் வான் இங்கன் குடும்பத்துக்காரர் ஒருத்தர் கபினியில் பிடிச்சது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. கிட்டத்தட்ட ஒரு மூட்டை ராகி எடை. முதுகில் திமில் மாதிரி மேடு, ஆரஞ்சு நிறத் துடுப்பு. இந்தத் திமில் மஹ்சீர் காவிரியிலும் அதில் சேர்ற ஆறுகளிலும் மட்டும்தான் உண்டு. உலகத்தில் வேற எங்கேயும் கிடையாது.

தூண்டில்காரங்களிலும் ரெண்டு ரகம். ஃப்ளை ஃபிஷிங்னு சொல்றது இறகையும் நூலையும் முள்ளில் கட்டிப் பொய்ப்பூச்சி செஞ்சு, தண்ணி மேல பறக்கவிட்டு ஏமாத்துற வித்தை. ஊட்டி பக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நடக்குது. காவிரி முகாமில் பெரும்பாலும் போட்ட இரை என்ன தெரியுமா? ராகி. நாம சாப்பிடற அதே களியைக் கெட்டியா உருட்டி முள்ளில் வெச்சுப் போட்டிருக்காங்க. லண்டனிலிருந்து விமானம் ஏறி வந்த துரைங்க எங்க களி உருண்டையை வெச்சுத்தான் மீன் பிடிச்சிருக்காங்கன்னு நினைச்சா, ராகி விவசாயிக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு.

பிடிச்ச மீனை எடை பார்த்துட்டுத் திரும்ப விட்டுடணும். அதான் விதி. இதைக் கேட்டா எங்க ஊர்ல சிரிப்பாங்க. சாப்பிடாத மீனை எதுக்குப் பிடிக்கிறே, அதுக்கும் வலிக்காதா? நியாயமான கேள்விதான், நானும் கேட்டிருக்கேன். ஆனா அந்த விளையாட்டுக்குப் பின்னால நடந்த ரெண்டு காரியத்தைச் சொல்லாம விட்டா அது பொய் ஆயிடும்.

முதல் காரியம் காவல். ஆத்துல தோட்டா போட்டு மீன் அடிக்கிறது உங்களுக்குத் தெரியாம இருக்கலாம். கல் குவாரி இருக்கிற சீமையில் தோட்டா கிடைக்கிறது கஷ்டமில்லை. ஒரு மடுவில் ஒண்ணு போட்டா பெரிசு, சிறிசு, முட்டை, குஞ்சு எல்லாம் செத்து மிதக்கும். மிதக்கிறதில் கொஞ்சம்தான் கரைக்கு வரும், மிச்சம் அடியில் அழுகும். இதைத் தடுக்கிறதுக்கு ஆத்தங்கரையில் ஆள் நடமாட்டம் வேணும், வேற வழி கிடையாது. சங்கமும் முகாமும் செஞ்சது அதுதான். முன்னாடி திருட்டு மீன் பிடிச்ச கிராமத்து ஆளுங்களையே கூப்பிட்டு, பரிசல் ஓட்டவும் வழிகாட்டவும் சம்பளத்துக்கு வெச்சாங்க. எந்தப் பாறைக்கு அடியில் மீன் நிக்கும்னு அவங்களுக்குத்தானே தெரியும்.

காவல்னா என்னன்னு சானமாவுக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ராகி கதிர் முத்துற சமயத்தில் ஜவளகிரி, தளி பக்கத்திலிருந்து யானைங்க எங்க காட்டுக்கு வந்துடும். பரண் கட்டி, டார்ச்சு, தகர டப்பா, பட்டாசோட ராத்திரி பூரா உக்காருவோம். ஆள் இருக்கிற நிலம் தப்பிக்கும், ஒரு ராத்திரி ஆள் இல்லாத நிலம் போயிடும். எவ்வளவு நல்ல விதை போட்டிருந்தாலும் பரணில் ஆள் இல்லேன்னா அறுவடை இல்லை. ஆத்துக்கும் அதே கணக்குதான்.

ரெண்டாவது காரியம் நோட்டுப் புத்தகம். காலிபோரே முகாமில் யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டாங்க, என்ன மீன், எத்தனை கிலோன்னு விடாம எழுதி வெச்சாங்க. 1998-லிருந்து 2012 வரைக்கும் அந்தக் கணக்கை இங்கிலாந்துக்காரரும் கேரளத்துக்காரரும் சேர்ந்த ஆராய்ச்சியாளர் குழு ஒண்ணு எடுத்துப் படிச்சது. மொத்தம் 23,620 மணி நேரம், 6,161 மீன், பெரிசு 46.8 கிலோ. வருஷம் போகப் போகக் கிடைக்கிற மீனோட எண்ணிக்கை கூடுது, சராசரி எடை குறையுது. மேலோட்டமா பார்த்தா சந்தோஷமான சேதிதான், குஞ்சும் குட்டியுமா ஆறு நிறைஞ்சிருக்குன்னு தோணும். எந்த ரகம் எத்தனைன்னு பிரிச்சுப் பார்த்தப்பதான் வயித்துல அடிச்சது. கூடினதெல்லாம் நீலத்துடுப்பு மஹ்சீர். காவிரியோட சொந்தப் பிள்ளையான ஆரஞ்சுத் துடுப்பு, திமில்காரன், கிட்டத்தட்ட காணாமலே போயிருந்தான்.

நீலத்துடுப்பு எங்கிருந்து வந்தது? அது வடக்கே கிருஷ்ணா ஆத்துப் பக்கத்து மீன். மகாராஷ்டிரா லோனாவாலாவில் டாடா மின்சாரக் கம்பெனி ஒரு குஞ்சு பொரிப்பகம் வெச்சு மஹ்சீரைப் பெருக்குச்சு. 1970-களின் பின்பாதியிலிருந்து அந்தக் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டாங்க. மஹ்சீர் குறையுது, அதனால மஹ்சீர் விடறோம். யார் தப்புச் சொல்வாங்க? அப்போ ரெண்டும் வேற வேறன்னு சரியா யாரும் பிரிச்சுக்கூடப் பார்க்கல. திமில் மஹ்சீருக்கு அறிவியல் பேரே 2018-ல்தான் உறுதியாச்சு. நம்ம மோயாறுல கிடைச்ச மீனை வெச்சுச் சோதிச்சு, 2007-ல் கேரளா பாம்பாறுல கண்டுபிடிச்சுப் பேரு வெச்ச டோர் ரெமாதேவிதான் இதுன்னு சொன்னாங்க. பேரு உறுதியான அதே வருஷம் அழிவின் விளிம்பில் உள்ள இனம்னு உலகப் பட்டியலிலும் ஏறிடுச்சு. பேர் சூட்டு விழாவும் சாவு மேளமும் ஒரே வருஷத்தில்.

குஞ்சு விட்டது மட்டுமே காரணம்னு அந்த ஆராய்ச்சிக்காரங்களும் சொல்லல. அணை, மணல் கொள்ளை, தோட்டா, எல்லாத்துக்கும் பங்கு உண்டு. ஆனா இருந்த கொஞ்சநஞ்ச இடத்திலும் இரையிலும் வெளியூர் மீனை லட்சக்கணக்கா பங்கு போட விட்டது யாரு? மீனை நேசிச்சவங்கதான். சங்கத்துக்காரங்க தூண்டிலில் மீன் விழுந்ததால சந்தோஷமா இருந்தாங்க. விழற மீன் மாறிப்போனதை அவங்க கண்ணு சொல்லல, அவங்க நோட்டுதான் சொல்லுச்சு. அந்த நோட்டை எழுதினதுக்காகவே அவங்களுக்கு ஒரு கும்பிடு போடுவேன்.

இது காவிரியோட நிக்கல. நீலகிரியில் 1877-லேயே வேட்டைச் சங்கம் வந்து, 1879-ல் வேட்டைக்கும் மீனுக்கும் சட்டமே போட்டாங்க. 1907-ல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் கட்டி டிரவுட் மீனை ஓடைகளில் விட்டார். பொய்ப்பூச்சி விளையாட்டுக்கு அந்த மீன்தான் தோது. அந்த ஓடையில் அதுக்கு முன்னாடி என்னென்ன மீன் இருந்துச்சுன்னு கணக்கு எடுத்துட்டா விட்டாங்க? 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபியை எடுத்துக்கங்க. இன்னிக்கு எங்க பக்கம் எந்த ஏரியில் வலை போட்டாலும் முதல்ல ஏறுறது அதுதான். நான் சின்னப் பையனா இருக்கும்போது கூடையில் துள்ளின குறவையையும் அயிரையையும் இப்போ என் பேரனுக்குக் காட்டணும்னா சந்தை சந்தையா அலையணும்.

சரி, அப்புறம் காவிரியில் என்ன ஆச்சு? அந்த இடம் சரணாலயம், சரணாலயத்தில் மீனைப் பிடிச்சு விட்டாலும் வேட்டைதான்னு சட்டத்துக்கு விளக்கம் சொல்லி, 2012 வாக்கில் முகாம்களில் தூண்டிலை நிறுத்திட்டாங்க. எனக்கு இதில் சங்கத்து மேலயும் கோபம், சர்க்கார் மேலயும் கோபம். குத்தகைங்கிற பேரில் பட்டணத்துக்காரன் சந்தா கட்டி நிக்கலாம், ஆத்தங்கரைக்காரன் வலையோட இறங்கினா திருடன்னு ஆக்கின ஏற்பாடு எனக்குப் பிடிக்கல. ஆனா தூண்டிலை நிறுத்தின கையோட, அந்தக் காசில் நின்ன ஆளுங்களுக்கு மாத்துச் சம்பளம் யார் கொடுக்கறதுன்னு கேட்டிருக்கணுமில்லையா? தூண்டில்காரன் போயிட்டான், பரிசல்காரன் வேலை போச்சு. தோட்டாக்காரனுக்கு எந்தச் சட்டம் புதுசா குறுக்கே நின்னுச்சு? கணக்கு நோட்டும் அந்த வருஷத்தோட நின்னுபோச்சு. திமில் மஹ்சீருக்கு ரொம்ப நெருக்கடியான நேரத்திலதான் அதைத் தினமும் பார்த்துக்கிட்டிருந்த கண்ணை மூடினோம்.

காவிரிக்கு இந்தப் பக்கம், நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காட்டையும் 2014-ல் காவிரி வடக்குச் சரணாலயம்னு அறிவிச்சாங்க. அறிவிப்பு நல்லதுதான். பலகை நட்டா யானை படிக்காது, தோட்டாக்காரன் படிச்சாலும் சிரிப்பான்.

இப்போ எங்க ஆத்துக்கு வர்றேன். சானமாவுப் பக்கம் ஓடறது காவிரி இல்லை, தென்பெண்ணை. நந்தி மலையில் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கால இறங்கி, அந்த ஊர்க் கழிவையெல்லாம் வாங்கிக்கிட்டு, கொடியாளம் வழியா நம்ம மாநிலத்துக்குள்ள வந்து கெலவரப்பள்ளி அணையில் விழுது. பெள்ளந்தூர் ஏரி தீப்பிடிச்சு எரிஞ்சதை டிவியில் பார்த்திருப்பீங்க. அந்த ஏரித் தண்ணி போற வழியும் இதுதான். மதகு திறந்தா ஆத்துல ஆள் உசரத்துக்கு நுரை வருது. தண்ணி கறுத்து நாத்தம் எடுக்குது. அந்தத் தண்ணியில்தான் தக்காளியும் கோஸும் விளைஞ்சு, லாரி ஏறித் திரும்பப் பெங்களூருக்கே போகுது. உங்க தட்டுக்குத்தான் சாமி.

போன வருஷம் எங்க பக்கத்து ஏரி ஒண்ணுல குஞ்சு விட ஒரு குழு வந்தது. என்ன மீன் சார்னு கேட்டேன். நல்ல மீன்தாங்கண்ணா, சீக்கிரம் பெருகும்னாங்க. தண்ணியைச் சோதிச்சீங்களான்னு கேட்டதுக்கு, அது எங்க வேலை இல்லைன்னாங்க. சரி, ஏற்கெனவே என்ன மீன் இருக்குன்னாவது தெரியுமா? சிரிச்சுட்டு போட்டோ எடுக்கப் போயிட்டாங்க. அதிலே எத்தனை குஞ்சு பிழைச்சதுன்னு அதுக்கப்புறம் யாரும் வந்து பார்க்கல.

குஞ்சுக்கு வசூல் பண்றது சுலபம், எனக்குப் புரியுது. ஒரு நாள் வேலை, போட்டோ இருக்கு, கையில் பிடிச்சுக் காட்ட ஏதோ இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆத்தங்கரையில் டார்ச்சு அடிச்சுக்கிட்டு நடக்கிற ஆளுக்கு மாசச் சம்பளம் வேணும்னு கேட்டா யார் கொடுப்பா? போட்டோவில் இருட்டுதான் விழும். அதனாலதான் பட்டணத்தில் இருக்கிற உங்க கிட்ட கேட்கிறேன். தூண்டில் சங்கத்தில் உறுப்பினரா இருந்தா, அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்க: போன வருஷம் வசூலானதில் காவலுக்குப் போனது எவ்வளவு, குஞ்சுக்குப் போனது எவ்வளவு? குஞ்சு விட்டே ஆகணும்னா, அது இந்த ஆத்து மீன்தான்னு சோதிச்சுச் சொன்னவர் யார்?

இன்னொண்ணு. மஹ்சீருக்குச் சந்தா கட்டுற பெங்களூர்க்காரர், தன் வீட்டுக் கழிவறைக் குழாய் எந்த ஆத்துக்கு வருதுன்னும் ஒரு தடவை விசாரிக்கணும். அழகான ஆத்துக்கு மட்டும் சங்கம், நாறுற ஆத்துக்கு நாங்க மட்டுமா?

தூண்டிலோட வாங்க, நான் வேண்டாம்னு சொல்லல. களிக்கு ராகி மாவு எங்க வீட்லயே தர்றேன். கெலவரப்பள்ளிக்குக் கீழே கரையில் எங்க ஊர்ப் பசங்க நாலு பேருக்குச் சம்பளம் போட்டு, காலிபோரேயில் வெச்ச மாதிரி ஒரு நோட்டு வையுங்க. தேதி, இடம், என்ன மீன், எத்தனை கிலோ. எங்க ஆத்து நோட்டில் கூடவே ஒரு பத்தி சேர்த்துப் போடுங்க, அன்னிக்கு நுரை எத்தனை அடின்னு.