சோளகத்தைக் கணிப்பது யாருக்காக?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். குரங்குக் கதை உலகமெல்லாம் பரவியது. அதற்குப் பின்னால் இருந்த வானிலைக் கதையைப் பலர் கவனிக்கவில்லை.

அன்று விடுமுறை நாள், மின்பாவனை குறைவு. சூரிய மின்சாரத்தின் பங்கோ அதிகம். அப்படியான நேரத்தில் திடீர் அதிர்வைத் தாங்கும் வலு மின்கட்டமைப்புக்கு இருக்கவில்லை என்று மின்சார சபை விளக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு உரிமையாளர்களிடம் கேட்கப்பட்டது. 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டைக் கண்ட நாடு, மூன்று ஆண்டுகளில் வெயிலுக்குப் பயப்படத் தொடங்கியது.

2030இல் 70 சதவீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு. அப்படியென்றால் நாளைய காற்றும் மழையும் முகிலுமே நாளைய எரிபொருள். காற்றின் வேகம் 10 சதவீதம் கூடினால் அதன் சக்தி சுமார் 33 சதவீதம் கூடும். கணிப்புச் சற்றுப் பிசகினாலும் அந்த இடைவெளியை டீசல் கொண்டு நிரப்ப வேண்டிவரும். அந்தச் செலவு கடைசியில் எங்கள் மின்பட்டியலில்தான் வந்து நிற்கும். ஜேர்மனியில் 2012இலேயே தேசிய வானிலைச் சேவையும் ஆய்வு நிறுவனமும் மின்கட்டமைப்பை இயக்குவோரும் ஒரே திட்டத்தில் இணைந்து, காற்று, சூரிய மின்சாரத்துக்கான கணிப்புகளைச் சீராக்கத் தொடங்கினார்கள். இங்கும் வளிமண்டலவியல் திணைக்களமும் மின்துறையும் நாளாந்தம் அப்படி ஒரே மேசையில் இருந்து வேலை செய்ய வேண்டும்.

ஆனால் அந்த மேசையில் இன்னொரு கதிரையும் வேண்டும் என்பது என் வாதம். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட, 103.5 மெகாவாட் வலுவுள்ள தம்பபவனி காற்றாலைகள் மன்னாரின் சோளகக் காற்றில்தான் சுழல்கின்றன. போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்களுக்கு மின்சாரத்தின் அருமையை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2025இல் புதிய காற்றாலைகளை எதிர்த்து வீதிக்கு வந்த மன்னார் மக்களும் வெளிச்சத்தை எதிர்க்கவில்லை. வெள்ளம் வடியும் வழி அடைபடுமா, கடற்றொழில் பாதிக்கப்படுமா என்றுதான் கேட்டார்கள். இவை உணர்ச்சிக் கோஷங்கள் அல்ல. மழையையும் நிலத்தையும் அளந்து பதில் சொல்ல வேண்டிய அறிவியல் கேள்விகள்.

எங்கள் மண்ணில் அளக்கப்படும் காற்றின் தரவு மின்சாரம் விற்பவரிடம் மட்டும் தங்கக் கூடாது. அது கடலுக்குப் போகும் படகுக்கும், விதைக்கக் காத்திருக்கும் விவசாயிக்கும், தமிழில், உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும். வெள்ள ஆய்வு, கோபுரம் எழுந்த பிறகு அல்ல, அதற்கு முன்பே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். காற்றாலைக்கு அனுமதி வழங்கும்போதே இவ்விரண்டையும் நிபந்தனையாக எழுதுங்கள் என்று எங்கள் மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டும்.