குளம்பின் படம் எங்கே?

குதிரையைப் படம் பிடிப்பவர்களுக்கு ஓர் ஆசை உண்டு. பிடரி மயிர் பறக்க வேண்டும். புழுதி கிளம்ப வேண்டும். நாலுகால் பாய்ச்சலில் குதிரை வர வேண்டும்!

அந்தப் படம் அழகுதான். ஆனால், குதிரையை எப்படிப் பேணுவது என்று காட்டும் படக் கண்காட்சியில் அதை வாசலில் மாட்டக் கூடாது. மாட்டினால், வருகிறவர்கள் அதையே பார்த்துவிட்டுத் திரும்பி விடுவார்கள்.

முதலில் மாட்ட வேண்டியது குளம்பின் படம்.

குளம்பு, மனிதனின் நகம் மாதிரி. மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். லாடம் அடித்த குதிரைக்கு, 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை பழைய லாடத்தைக் கழற்ற வேண்டும். வளர்ந்த குளம்பைச் சீவி, அரத்தால் ராவி, மறுபடியும் லாடம் அடிக்க வேண்டும். தவறினால் நடை கெடும். குதிரை நொண்டும். அதை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தின் அடுப்பு எப்படி எரியும்?

வரிசை முக்கியம்

இந்த வேலையை ஒரே படத்தில் காட்ட முடியாது. வரிசையாகக் காட்ட வேண்டும். வரிசைக்கு உள்ள வலிமையை உலகுக்குக் காட்டியதே ஒரு குதிரைதான்!

ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா? வெறும் கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1878-ம் ஆண்டு, அமெரிக்காவில் பாலோ ஆல்டோ என்ற இடத்தில், மைபிரிட்ஜ் என்பவர் 12 காமிராக்களை வரிசையாக வைத்தார். குதிரை ஓட ஓட, அவை ஒன்றன்பின் ஒன்றாகப் படம் பிடித்தன. நான்கு கால்களும் எழும்புவது தெரிந்தது. அதுவும், கால்கள் வயிற்றுக்கு அடியில் கூடும்போது! முன்னும் பின்னும் கால்களை நீட்டிப் பறப்பதாக ஓவியர்கள் வரைந்து வந்தது தவறு என்று ஆயிற்று.

தீனிக்கும் ஒரு வரிசை வேண்டும். குதிரைக்கு உடம்பு பெரிது, இரைப்பை சிறிது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தின்ன வேண்டும். அதனால் வாந்தி எடுக்க முடியாது. தானியத்தை ஒரேயடியாகக் கொட்டினால் வயிற்று வலி வந்து உயிரே போகலாம். பெரிய குதிரைக்கு நாள் ஒன்றுக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். இதை எழுதி வைப்பதைவிட, படத்துக்குக் கீழே இரண்டு குடம் தண்ணீரை வைத்துவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

புண்ணைக் காட்டலாமா?

சேணம் உராய்ந்து முதுகில் உண்டான புண்ணைக் காட்டலாமா? "குழந்தைகள் வருவார்களே" என்று சிலர் தயங்குவார்கள். காட்டத்தான் வேண்டும். ஆனால், பக்கத்திலேயே புண்ணைக் கழுவும் படமும், ஆறிய முதுகின் படமும் இருக்க வேண்டும். குதிரைக்காரரின் முகம் மட்டும் தெரியக் கூடாது. அவர் கொடியவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல சேணம் வாங்கக் கையில் காசு இல்லாதவராக இருக்கலாம்.

எங்கே வைப்பது?

பட்டணத்து மண்டபத்தில் வைத்தால் படக்கலை தெரிந்தவர்கள் வந்து பாராட்டுவார்கள். குதிரைக்கு என்ன லாபம்?

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடும். வாங்குகிறவர், விற்கிறவர், பிள்ளைகளைத் தோளில் சுமந்து வேடிக்கை பார்க்க வருகிறவர் என்று கூட்டம் திரளும். பந்தல் போட வேண்டிய இடம் அதுதான். படத்துக்குக் கண்ணாடி வேண்டாம், வெயிலில் கூசும். பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக மாட்ட வேண்டும். படத்துக்கு ஒரு வரி போதும், பெரிய எழுத்தில்.

பாயும் குதிரையின் படம்? பந்தலை விட்டு வெளியே போகும் வழியில் மாட்டலாம்.

இன்னொன்று. லாடம் அடிப்பவர் ஒருவரைக் குளம்புப் படங்களுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு அவர் பதில் சொல்வார். அன்றைய கூலியை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். சந்தை நாளில்தானே அவருக்கும் நாலு காசு கிடைக்கும்!