சுவருக்குள் மான், சுவரில்லாத யானை

அரிக்கொம்பன் கம்பத்துக்குள் வந்து போய் வருஷங்கள் ஆகியும் எங்கள் காமயகவுண்டன்பட்டியில் ஒரு பேச்சு அடங்கவில்லை. "சுத்தி ஒரு சுவரை வச்சு விட்ரணும் சார். அது அங்கிட்டு, நாம இங்கிட்டு. மெட்ராஸ்ல கிண்டியில வச்சிருக்கான்ல?" என்கிறார்கள். சொல்கிறவர்கள் வாழையும் பன்னீர் திராட்சையும் போட்டுப் பாடுபடுகிறவர்கள். அவர்கள் வயிற்றெரிச்சலை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உதாரணத்துக்குக் கிண்டியை இழுக்கிறார்களே, அந்தக் கிண்டியில் ஒரு பகல் முழுக்க நடந்தவன் நான். அதை வைத்தே சொல்கிறேன், அந்தச் சுவர் நமக்கு ஆகாது.

மச்சினர் மகன் சென்னையில் இருக்கிறான். "மாமா, ஊருக்குள்ளேயே காடு காட்டுறேன், வாங்க" என்று அனுமதி வாங்கிக் கூட்டிப் போனான். காலை ஆறரைக்குக் கிண்டி தேசியப் பூங்காவுக்குள் நுழைந்தோம். சர்தார் படேல் சாலையின் பஸ் ஹாரன் சத்தம் காதிலிருந்து போகவில்லை, அதற்குள் புள்ளிமான் கூட்டம் கண்ணில் பட்டுவிட்டது. பத்தடி தூரம். ஓடவும் இல்லை. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின. இன்னும் உள்ளே போனால் போலோ மைதானம் என்று ஒரு புல்வெளி. அங்கேதான் வெளிமான்கள். ஆண் மான் முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிய கொம்பு. அது நிற்கிற மிடுக்கைப் பார்த்தால் பழைய ஜமீன்தார் படம் ஞாபகம் வரும். கீரி ஒன்று பாதையைக் கடந்தது. நரியும் உண்டு என்றார் கூட வந்த வனக்காவலர். எங்கள் கண்ணில் படவில்லை.

சாயங்காலம் ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் நடந்தோம். அங்கே வேடிக்கை இன்னும் அதிகம். சைக்கிளில் போகிற பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே மான் நிற்கிறது. ஒருவரையொருவர் சட்டை செய்வதில்லை. குரங்கு மட்டும் கையில் பை இருக்கிறதா என்று பார்க்கிறது.

பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. மனசுக்கு இதமாக இருந்தது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு புரட்டிய குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? இந்தக் காடு எத்தனை ஏக்கர், எவ்வளவு போயிற்று என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். ஒரு காலத்தில் 500 ஹெக்டேருக்கு மேல் இருந்த காடு அது. காந்தி மண்டபத்துக்குக் கொஞ்சம், 1959-இல் தொடங்கிய ஐ.ஐ.டி.க்குப் பெரிய துண்டு, ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவிடம், சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. எல்லாம் நல்ல காரியம். தவறான காரியத்துக்காகக் காடு போனதாக எந்தக் கோப்பிலும் இருக்காது, அது எனக்குத் தெரியும். 1978-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அப்போது மிஞ்சியது 270 ஹெக்டேர். அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் இன்றைக்கு அங்கே நான்கு அடுக்குமாடி இருந்திருக்கும். சுவர் காப்பாற்றியது என்பது சத்தியம். சென்னைக்கு வேறு வழி இல்லை.

ஆனால் உள்ளே இருக்கிற மானுக்கு? புல் குறைந்து மரம் அடர்ந்தால் வெளிமானுக்குக் கஷ்டம். அது வெட்டவெளியில் ஓடிப் பிழைக்கிற ஜாதி. வேறு புல்வெளி தேடிப் போகவும் முடியாது, நான்கு பக்கமும் ரோடு. சுவரைத் தாண்டினால் காரில் அடிபடுகிறது, இல்லாவிட்டால் தெருநாய் விரட்டிக் கடிக்கிறது. செத்த மானின் வயிற்றில் உருண்டை உருண்டையாகப் பிளாஸ்டிக் பை இருந்தது என்று பத்திரிகையில் எத்தனை முறை படித்திருப்போம்.

ஊருக்கு நடுவே காடு என்றால் உலகத்தில் எல்லாரும் சொல்வது ஆப்பிரிக்காவின் நைரோபியை. நான் போனதில்லை, படித்ததுதான். 1946-இல் ஏற்பட்ட பூங்கா, 117 சதுர கிலோமீட்டர். சிங்கம் நிற்கும், அதற்குப் பின்னால் பல மாடிக் கட்டடம் தெரியும். நகரத்தை ஒட்டிய மூன்று பக்கமும் வேலி. தெற்குப் பக்கத்தை மட்டும் திறந்து விட்டிருக்கிறார்கள். வரிக்குதிரை மாதிரியான மேய்ச்சல் மிருகங்கள் அந்த வழியாகத்தான் வெளியே புல்வெளிக்குப் போய்த் திரும்புகின்றன. அந்தப் பக்கமும் வீடும் வேலியுமாக அடைபட்டு வருகிறதே என்பதுதான் அங்குள்ளவர்களின் இன்றைய கவலை. இன்னொரு விஷயம். அந்தப் பூங்காவில் காட்டு யானை கிடையாது. தாயை இழந்த யானைக் குட்டிகளை அங்கே ஒரு காப்பகத்தில் வளர்க்கிறார்கள். வளர்ந்ததும் தூரத்துப் பெரிய காட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். 117 சதுர கிலோமீட்டர் யானைக்குப் போதாது.

நம் பக்கம் வருவோம். 2021-இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மேற்கே பெரியாறு காட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. தமிழ்நாடு, கேரளா என்கிற எல்லை நமக்கும் செக்போஸ்ட்டுக்கும்தான். சின்னக்கானலில் அரிசி தின்று பேர் வாங்கிய அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் கடைசியில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டார்கள். மே 27-ஆம் தேதி கம்பம் தெருவில் நின்றது. 144 தடை போட்டார்கள். அந்தக் களேபரத்தில் அடிபட்ட ஒருவர் இறந்தே போனார், அதை மறந்துவிட்டு யானைக்குப் பரிந்து பேசக் கூடாது. பிறகு சண்முகாநதி அணைப் பக்கம் சுற்றி, ஜூன் 5-இல் பிடிபட்டுக் கோதையாற்று மலைக்குப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் அந்த ஒன்பது நாளும் இருட்டியதும் கதவைச் சாத்தினோம்.

இவ்வளவு மலையேறி இறங்குகிற ஜீவனைச் சுவர் நிறுத்துமா? அதுவும் மேகமலை அடிவாரம் முழுக்க? எஸ்டிமேட் போட்டுப் பார்க்கட்டும், பிறகு பேசுவோம். சுவர் கட்டி முடித்தாலும் என்ன ஆகும்? கிண்டியில் 270 ஹெக்டேரில் நடந்தது இங்கே பெரிசாக நடக்கும். சுருளி அருவிப் பக்கம் யானை வந்தால் இரண்டு நாள் குளிக்கத் தடை போடுகிறார்கள், கூட்டம் நகர்ந்ததும் திறக்கிறார்கள். முணுமுணுத்தாலும் நாம் திரும்பி வருகிறோம். அந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். காட்டு மிருகத்துக்கு அவர்கள் 'சொவாழ்' என்பார்கள். காடு என்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முரடனுக்கும் அதே சொல். நாமும் 'காட்டான்' என்று திட்டுகிறோம். இதில் மட்டும் கிழக்கு மேற்கு வித்தியாசம் இல்லை.

சரி, சுவர் வேண்டாம் என்றால் வாழைத் தோட்டக்காரர் என்ன செய்வார்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மிருகத்தின் மேல் அன்பு காட்டச் சொல்வது பென்ஷன் வாங்குகிற என்னைப் போன்றவர்களுக்குச் சுலபம். ஒரே ராத்திரியில் முந்நூறு வாழை சாய்ந்தால் அவருக்கு ஒரு வருஷம் போயிற்று. நஷ்டஈடு உண்டு என்கிறார்கள். மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய் வருவதற்குள் அடுத்த கன்று குலை தள்ளிவிடும். நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன், அது எங்கே தங்கும் என்று தெரியும். சேதம் ஆன வாரத்திலேயே எல்லாத் துறைக்காரரும் ஒன்றாகத் தோட்டத்துக்கு வந்து பார்க்கட்டும், வரப்பிலேயே கையெழுத்துப் போடட்டும். சாய்ந்த மரத்துக்குச் சந்தை விலையை ஒட்டிக் கொடுக்கட்டும். அடுத்த நடவுக்குள் பணம் கையில் வந்தால், திருட்டு மின்கம்பி இழுக்க எந்த விவசாயிக்கும் மனசு வராது. சுவருக்கு ஆகும் செலவில் இது எத்தனை வருஷத்துக்கு ஓடும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது போட்டுப் பாருங்கள்.